ஒரே கம்பத்துக் கரண்ட்

எங்கள் பழைய டிவி உயிரை விட்டபோது நானும் என் மனைவி கஸ்தூரியும் பக்கத்தில்தான் இருந்தோம். அந்த வகையில் அது கொடுத்து வைத்த டிவி.

வெளியே ஐப்பசி மழை. உள்ளே எட்டரை மணி சீரியல். சீரியலில் ஒரு மாமியார், மருமகளை அறைவதற்காக முந்தின நாளிலிருந்தே கையை ஓங்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் ஒரு முறை மங்கியது. அப்புறம் திடீரென்று டியூப்லைட் கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. மின்விசிறி கூரையைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பப் பார்த்தது. மாமியாரின் கை இறங்கியது. ‘டப்’ என்று ஒரு சத்தம். அறைதான் விழுந்தது என்று நினைத்தோம். டிவியின் முதுகிலிருந்து புகை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

“ஏங்க, அவ திருப்பி அறைஞ்சாளா?” என்றாள் கஸ்தூரி.

“யாரு?”

“மருமக.”

“கஸ்தூரி, டிவி போச்சு.”

“அது தெரியுதுங்க. பொகையே வருதே. அவ திருப்பி அறைஞ்சாளா இல்லையா?”

கஸ்தூரி செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு முன்னி பேகத்திடம் ஓடினாள். நான் டிவியோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவள், “அறையல. அழுதுட்டு ரூமுக்குள்ள போய்ட்டா” என்று மிகுந்த துக்கத்தோடு சொன்னாள். டிவிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அன்றைக்கே நான் ஒரு சபதம் எடுத்தேன். பலராமன் என்று பெயர் வைத்துக்கொண்டு, கலெக்டர் ஆபீசில் இத்தனை வருஷம் பைல் பார்த்து, வேங்கிக்காலில் மாடியிலிருந்து மலை தெரிகிற மாதிரி வீடும் கட்டியவன், ஒரு டிவியைக் காப்பாற்ற முடியாதா? இனி என் வீட்டில் மின்சாரத்தால் எந்த டிவியும் சாகாது என்று முடிவு கட்டினேன். எங்கள் வீட்டில் நான் முடிவு கட்டுகிற விஷயங்கள் குறைவு. அதனால் இதை நன்றாகவே கட்டினேன்.

புது டிவி வந்தது. சுவரில் பாதி அதுதான். பார்க்க வந்த முன்னி பேகத்தின் கணவர் மக்பூல் பாய், தேரடிப் பக்கம் படுக்கிற பாயும் மெத்தையும் விற்கிற கடைக்காரர், எந்தப் பொருளையும் படுக்கை அளவில்தான் பார்ப்பார். “சார், ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம்” என்றார்.

டிவியோடு ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கினேன். மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் அதைத் தட்டிக் கேட்கிற பெட்டி அது. அளவு மீறினால் ‘டிக்’ என்று தானே அணைந்துவிடும். அதன் முகத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதில் எத்தனை வோல்டேஜ் வருகிறது என்று சிவப்பு எழுத்தில் எண் ஓடும். அதை டிவிக்கு மேலே, நான் நிமிர்ந்து நின்றால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் மாட்டச் சொன்னேன். கஸ்தூரி என் தோள் உயரம். அவள் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட வேண்டும். அப்போது இதை நான் யோசித்துச் செய்யவில்லை. ஆனால் நல்ல யோசனைகள் யோசிக்காமல்தான் வரும்.

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இறங்கி ஷோகேஸுக்குப் பின்னால் போகும். டிவி, பிரிட்ஜ் எல்லா ஒயரும் அந்த இருட்டுச் சந்தில்தான். சமையலறையில் இடம் போதாததால் பிரிட்ஜும் ஹாலில் ஷோகேஸை ஒட்டித்தான் நிற்கிறது. அந்தச் சந்துக்குள் என் கை நுழையாது. எனக்குக் கொஞ்சம் தாராளமான கை. கஸ்தூரியின் கை வளையலோடு போய் வளையலோடு வரும். ஆக வேலையைப் பிரித்துக்கொண்டோம். மேலே எண் பார்ப்பது நான். பின்னால் ப்ளக் பிடுங்குவது, மாட்டுவது அவள்.

“நல்லா கேட்டுக்கோ” என்றேன். “வோல்டேஜ் கம்மி ஆனா ரிமோட்ல டிவிய அணைச்சிடணும். கரண்டே போனா ப்ளக்க புடுங்கிடணும். திரும்ப வந்தா ஒடனே மாட்டக்கூடாது. பத்து நிமிஷம் ஆவணும்.”

“எதுக்குங்க பத்து நிமிஷம்?”

“போய்ட்டு வர்ற கரண்ட் ஆவேசமா வரும். அது நிதானத்துக்கு வரணும்.”

“எங்கம்மா ஊர்லேர்ந்து வந்தா மட்டும் செருப்பு கழட்டறதுக்குள்ள சண்டைக்கு இழுக்கறீங்க.”

“நான் கரண்ட்ட பத்திப் பேசறேன்.”

“நானும் நிதானத்தப் பத்திதாங்க பேசறேன்.”

ஆனாலும் ஒப்புக்கொண்டாள். உள்ளபடியே ஒரு மாதம் டிவி சௌக்கியமாக இருந்தது. பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டம் வந்து, எல்லா லாட்ஜிலும் ஏசி ஓடி, வோல்டேஜ் தள்ளாடியபோதும் டிவிக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை. இதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

கார்த்திகை பிறந்ததும் கிரிக்கெட் போட்டி ஆரம்பித்தது. தினமும் ராத்திரி ஆட்டம். எட்டரை மணிக்கு ஆட்டம் சூடு பிடிக்கும். அதே எட்டரைக்கு மருமகள் அழ ஆரம்பிப்பாள். முதல் இரண்டு நாள் நான் வெளி வாசலில் நின்று போனில் ஸ்கோர் பார்த்தேன். மூன்றாம் நாள் என் கண் தற்செயலாக அந்தச் சிவப்பு எண்ணின் மேல் விழுந்தது. இருநூற்று இருபத்தைந்து. அருமையான வோல்டேஜ்.

“அடடா” என்றேன்.

“இன்னாங்க?”

“நூத்தி எழுவதுல நிக்குது கஸ்தூரி. டிவிக்கு ஆவாது.”

பொய் சொல்லும்போது முகத்தை அசையாமல் வைத்திருக்க நான் கல்யாணமான புதிதிலேயே பழகியிருந்தேன். கஸ்தூரி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஸ்டூல் பக்கம் போவாளோ என்று பார்த்தேன். அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

“நீங்க சொன்னா சரிங்க” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னி பேகம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இருபத்து மூன்று வருஷத்தில் ‘நீங்க சொன்னா சரிங்க’ என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றுதான். ஒரு புத்திசாலி அங்கேயே பயந்திருப்பான். நான் டிவியைப் போட்டேன்.

நான் உட்கார்ந்த இரண்டாவது ஓவரில் மக்பூல் பாய் வந்தார். “எங்க வூட்ல ரெண்டு பொம்பளைங்க உக்காந்து அழுவறாங்க சார். நான் எங்க உக்கார்றது?” என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஆட்டம் பார்த்தார். அப்புறம் எங்கள் டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

“சார், உங்க வூட்ல வோல்டேஜ் கம்மின்னு உங்க வூட்டம்மா சொன்னாங்க.”

“ஆமா.”

“எங்க வூட்ல கும்முனு எரியுது. நம்ம ரெண்டு வூட்டுக்கும் ஒரே கம்பம்தான?”

“பாய், மேட்ச பாருங்க.”

பாய் மேட்சைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். நியாயமான கேள்வியைக் கேட்பார். பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுவார்.

இப்படி ஒரு வாரம். தினமும் எட்டு இருபத்தைந்துக்கு எங்கள் வீட்டில் மட்டும் வோல்டேஜ் இறங்கும். கஸ்தூரி தெருவில் இறங்கும்போது வோல்டேஜ் ஏறும். வீட்டில் சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. நான் ராஜாவாக இருந்தேன். ஒரு நாள் காலையில் தட்டில் இட்லி வந்தது. சட்னி வரவில்லை.

“சட்னி?”

“மிக்ஸி போடலைங்க.”

“ஏன்?”

“வோல்டேஜ் எப்படி இருக்குதுன்னு தெரியல. நீங்கதான் பாத்து சொல்லணும்.”

நான் எழுந்து பார்த்தேன். “நல்லா இருக்குது. போடு.”

“இப்ப நல்லா இருக்கும். பாதி தேங்கா அரைபடும்போது எறங்கிட்டா? டிவிக்காவது ஒரு பொட்டி காவல் இருக்குது. மிக்ஸி பாவம், அனாதையா இருக்குது. காவல் இருக்கற டிவியே தாங்காதுன்னு நீங்க ராத்திரி அணைக்கச் சொல்றீங்க. இது எப்படிங்க தாங்கும்?”

இதற்குப் பதில் இருந்தது. ஆனால் சொல்ல முடியாத பதில். நான் இட்லியைத் தண்ணீர் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

மறுநாள் இட்லியும் இல்லை. கிரைண்டருக்கும் காவல் இல்லை. “ஆட்டுக்கல்லு இருக்குது. மாவாட்டிக் குடுத்தீங்கன்னா பண்ணித் தர்றேன்” என்றாள். நான் ஆட்டினேன். என் கை தாராளமானது என்றேனே, ஆட்டுக்கல்லுக்கு அது போதவில்லை. அதற்கடுத்த நாள் வாஷிங் மெஷின் ஓய்வுக்குப் போயிற்று. இஸ்திரிப் பெட்டியும் போயிற்று. நானே துவைத்து நானே உதறிக் காயப்போட்ட சட்டையோடு ஆபீசுக்குப் போனபோது, பக்கத்து சீட்டு பாஞ்சாலை மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்ல அக்கா ஊருக்குப் போயிருக்காங்களா சார்?” என்று அனுதாபத்தோடு கேட்டார்.

ஒரு காலை குளியலறையில் தலை முழுக்க ஷாம்பு போட்டிருந்தேன். குழாய் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

“கஸ்தூரி, தண்ணி நின்னுபோச்சு.”

“டேங்க்ல இல்லீங்க.”

“மோட்டார் போடு.”

“வோல்டேஜ் பாத்து சொல்லுங்க, போடறேன்.”

துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஹாலுக்கு வந்து, டிவிக்கு மேல் இருந்த எண்ணை மற்றக் கண்ணால் படித்தேன். “இருநூத்தி இருவது.”

“நல்லா பாருங்க. ராத்திரியெல்லாம் நீங்க ஒரு தரம் பாத்தா நூத்தி எழுவதுன்னு தெரியுது. உங்க கண்ணு எனக்கு பயமா இருக்குது.”

அப்போதே தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எட்டரை மணியை அவளிடமே கொடுத்துவிட்டால் சட்னி வரும், தண்ணீர் வரும், இஸ்திரி போட்ட சட்டை வரும். ஆனால் நம் அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும், அதுவரை தண்ணீர் தொட்ட இட்லியே தின்பேன் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். கல்லாக்கிய பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தீபம்.

திருவண்ணாமலையில் தீபம் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் எல்லோரும் அன்றைக்கு இங்கேதான் இருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு போளூரிலிருந்து என் மாமியார் ராணியம்மாளும், மச்சான் செழியனும், அவன் குடும்பமும் வருவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறும். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அந்தி சாய்ந்தது முதல் மலையில் ஜோதி தெரிகிற வரை எந்த வீட்டிலும் ஒரு வெளிச்சம் இருக்கக்கூடாது. தெரிந்த பிறகுதான் அகல் விளக்கு, அதற்குப் பிறகுதான் லைட். தவறி ஒரு பல்பு எரிந்தால் எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வரும்.

இறுதி ஆட்டம் மதியம் ஆரம்பிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மணிக்குக் கடைசி ஓவர்.

ஆறு மணிக்கு என்னைத் தவிர எல்லோரும் மாடியில் இருப்பார்கள். மாடிக்கு ஏற முடியாத முழங்கால் வலி ஒன்று எனக்கு வெள்ளிக்கிழமையே ஆரம்பித்தது.

மக்பூல் பாய் முன்பே சொன்னார். “முன்னி, பிள்ளைங்க எல்லாம் உங்க மாடிக்குதான் வருவாங்க. எங்க வூடு காலி. நைசா வந்துடுங்க சார், நானும் நீங்களும் கதவ சாத்திட்டுப் பாக்கலாம்.”

“உங்க டிவி சின்னது பாய்” என்றேன். இதற்கு ஆணவம் என்று பெயர். அப்போது எனக்கு அது ரசனை மாதிரி தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மழை தூறியது. கரண்ட் ஒரு முறை போய், உடனே வந்தது. செழியன் எழுந்து ஷோகேஸ் பக்கம் போனான்.

“தொடாத” என்றேன். கஸ்தூரி ஏற்கெனவே ப்ளக்கைப் பிடுங்கியிருந்தாள். என் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்தால் எனக்குப் போதும். பத்து நிமிஷம் முழுக்க மின்சாரத்தின் சுபாவம் பற்றிச் சொற்பொழிவு செய்தேன். என் மாமியார் வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

“பத்து நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் கம்மியானாலும் ஆபத்துங்களா மாப்ள?”

“ஆபத்துதான் அத்தை. என்ன அவசரம் இருந்தாலும் சரி. யாரு சொன்னாலும் சரி.”

“கேட்டுக்கோ கஸ்தூரி” என்றார் மாமியார்.

“கேட்டுக்கிட்டேம்மா” என்றாள் கஸ்தூரி.

ஐந்தரைக்கு எல்லோரும் மாடிக்குப் போனார்கள். முன்னி பேகமும் பிள்ளைகளும் வந்து எங்கள் படியில் ஏறிப் போனார்கள். வீடு இருட்டியது. நான் முழங்காலைத் தடவியபடி, அவர்கள் காலடிச் சத்தம் மேலே போய்ச் சேரும் வரை காத்திருந்தேன். பிறகு ஜன்னலுக்குப் போர்வையை மாட்டினேன். டிவியைப் போட்டேன். சத்தத்தை முழுக்கக் குறைத்தேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய டிவியை அவ்வளவு அமைதியில் பார்த்ததில்லை. ஆட்டமும் ஆளைக் கொன்றது. கடைசி ஓவர். பதினோரு ரன் வேண்டும். முதல் பந்து, ஒன்று. இரண்டாவது பந்து, நான்கு. நான் வாயில் துண்டை அடைத்துக்கொண்டேன். முழங்கால் வலிக்காரன் கூச்சல் போட்டால் நன்றாக இருக்காது.

அப்போது கஸ்தூரி கீழே வந்தாள்.

கையில் எண்ணெய்க் கிண்ணம். தீப்பெட்டிக்காக வந்திருக்கிறாள். வாசற்படியில் நின்றாள். டிவி வெளிச்சத்தில் அவள் முகம் பச்சையாகத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்த துண்டைப் பார்த்தாள். ஜன்னல் போர்வையைப் பார்த்தாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அவள் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன். இறுதி ஆட்டம் முடிந்ததும் எட்டரை மணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் மனது இளகியது. மூன்றாவது பந்தைப் போட பவுலர் ஓடி வந்தான். கை சுழன்றது.

இருட்டு.

டிவி இல்லை. மின்விசிறி இல்லை. கரண்ட் போயிற்று. நான் போர்வையை விலக்கி வெளியே பார்த்தேன். தெரு முழுக்க இருட்டு. எதிர்வீடு இருட்டு. வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் எங்கள் தெருவில் பவர்கட்டுக்கும் பக்திக்கும் வித்தியாசம் தெரியாது.

போனை எடுத்தேன். அத்தனை லட்சம் பேர் கூடியிருக்கிற ஊரில் தீபத்தன்று போன் என்பது வெறும் டார்ச் லைட். மக்பூல் பாய் வீட்டுக்கு ஓடலாமா என்று யோசித்தேன். ஒரே கம்பம். எனக்குப் போனால் அவருக்கும்தான் போயிருக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டில் வளையல் சத்தம் கேட்டது. கஸ்தூரி வந்தாள். ஷோகேஸ் பின்னால் கையை விட்டாள். ப்ளக்கைப் பிடுங்கினாள். என் சட்டப்படி.

“கரண்ட் போச்சுங்க” என்றாள்.

“தெரியுது” என்றேன்.

மறுபடி மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஊரே அதிர்ந்தது. அண்ணாமலையாருக்கு அரோகரா என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் குரல். பக்கத்து வீட்டு ஹாலிலிருந்தும் ஒரு பெரிய கூச்சல் வந்தது. மக்பூல் பாய்கூட அரோகரா போடுகிறாரே, என்ன மனிதர் என்று எனக்குக் கண் கலங்கியது.

எல்லோரும் இறங்கி வந்தார்கள். வாசலில் அகல் வைத்தார்கள். சொல்லி வைத்த மாதிரி ஹாலில் லைட் எரிந்தது. நான் முழங்கால் வலியை மறந்து ஷோகேஸ் பக்கம் பாய்ந்தேன். கை நுழையவில்லை.

“கஸ்தூரி, ப்ளக்க மாட்டு. சீக்கிரம்.”

“கரண்ட் இப்பதாங்க வந்துது.”

“பரவால்ல மாட்டு.”

“பத்து நிமிஷம் ஆவட்டும்.”

“இன்னிக்கு ஒரு நாள் பரவால்ல.”

“யாரு சொன்னாலும் சரின்னு நீங்கதான மாப்ள சொன்னீங்க” என்று என் மாமியார் டிவிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “ஒரு நிமிஷம் கம்மியானாலும் ஆபத்துன்னீங்க.”

“ஆவேசமா வரும், நிதானத்துக்கு வரணும்னீங்க மாமா” என்றான் செழியன். நான் மதியம் பேசியதை அவன் ஒருவன்தான் முழுசாகக் கேட்டிருந்தான்.

நான் கஸ்தூரியின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினேன். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது கஸ்தூரி. இது நல்ல டிவி. தாங்கும்.”

“தாங்குமா?”

“தாங்கும்.”

“அப்ப எட்டரைக்கும் தாங்குமாங்க?”

ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே ஒரு நாட்டின் கோப்பை. இங்கே என் ராஜ்யம்.

“தாங்கும்” என்றேன்.

“தினமும்?”

“தினமும்.”

“மிக்ஸி, மோட்டார் எல்லாம்?”

“எல்லாமே தாங்கும் கஸ்தூரி. நம்ம வீட்ல எந்தக் காலத்திலயும் வோல்டேஜ் கம்மி ஆனதில்ல. போதுமா? மாட்டு.”

வளையல் சந்துக்குள் போய் வந்தது. டிவி எரிந்தது. யாரோ கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, நம் ஆட்கள்தான். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எப்படி ஜெயித்தோம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆள் வந்தது. மக்பூல் பாய் மூச்சிரைக்க வாசலில் நின்றார். “இன்னா சார் மேட்ச்சு. கடைசி பால்ல சிக்ஸ். நான் கத்தன கத்து உங்களுக்குக் கேட்டுதா?”

“பாய்” என்றேன். “உங்க வீட்ல கரண்ட் இருந்துச்சா?”

“எப்ப போச்சு?”

“ஆறு மணிக்கு.”

“போவலையே சார். ஒரே கம்பம்தான நமக்கு” என்றார் பாய். இந்த முறையும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முன்னி பேகம் முறைத்ததும் அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் மெதுவாகத் திரும்பினேன். கஸ்தூரி அகலுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“மெயின நீதான் அணைச்சியா?”

“ஆமாங்க. மலையில ஏறாம வீட்ல வெளிச்சம் கூடாதில்ல. நீங்க மறந்து டிவி போட்டுட்டீங்க. தெருவுல யாராச்சும் பாத்தா உங்களத்தான தப்பா பேசுவாங்க.”

“சொல்லியிருக்கலாமே.”

“வாயில துண்டு வெச்சிருந்தீங்க. பதில் சொல்ல கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன்.”

எட்டரை மணிக்கு ஹாலில் எனக்கு இடம் இல்லை. கஸ்தூரி, மாமியார், செழியன் மனைவி, திரும்பி வந்துவிட்ட முன்னி பேகம் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பிரிட்ஜில் சாய்ந்து நின்றேன். இரவு தட்டில் சட்னி வந்திருந்தது. தேங்காய் ஒன்று, தக்காளி ஒன்று. தோற்றவனுக்கு அதுவே பெரிது.

திரையில் மாமியார் மறுபடியும் கையை ஓங்கினாள். ஊர் முழுக்க லாட்ஜ், கடை, தற்காலிகப் பந்தல் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன போலிருக்கிறது. டியூப்லைட் மங்கியது. பழக்கத்தில் பெட்டியைப் பார்த்தேன். நூற்று எழுபது. உண்மையிலேயே நூற்று எழுபது. நூற்று அறுபது. ‘டிக்’ என்று ஸ்டெபிலைசர் அணைந்தது.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஆனால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் அழகாக, பளிச்சென்று நின்றாள். என் முதுகுக்குப் பின்னால்தான் ஏதோ நின்றுபோன மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். பிரிட்ஜ்.

“கஸ்தூரி” என்றேன். “ஸ்டெபிலைசர் கட் ஆயிடுச்சி. டிவி எப்படி ஓடுது?”

“அது பிரிட்ஜோடதுங்க” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “டிவி நூறு வோல்டேஜ்லயே ஓடும்னு அட்டப்பொட்டியிலயே போட்டிருந்துது. பிரிட்ஜுதான் தாங்காது. வாங்கின அன்னிக்கே மாத்திட்டேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“தினமும் நின்னு நின்னு ஆசையா படிச்சிட்டு இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன். சித்த சும்மா இருங்க, அவ இன்னிக்குதான் திருப்பி அறையப் போறா.”

அறைந்தாள். நான்கு பெண்களும் கை தட்டினார்கள். எனக்குத்தான் கன்னம் எரிந்தது.